அக்காவின் வெள்ளைக் கொச்சி

ஒருவர் ஆயுள் முழுக்க வளர்த்த மிளகாய் இனத்தை அவர் போன பிறகும் மாறாமல் வைத்திருக்க முடியுமா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். முடியும். ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் நடக்காது, விதையைக் கவனிக்க வேண்டும், நாலைந்து வீடுகள் சேர வேண்டும். இதைப் பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கிற பாத்திகளில் செய்துகொண்டிருக்கிறோம், அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். நான் சொல்வது மலைநாட்டுக் குளிருக்கும் தேயிலை மண்ணுக்கும் உரியது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ செத்தலுக்கு மிளகாய் போடுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது, விதை எடுக்கிற பகுதி மட்டும் எல்லாருக்கும் பொருந்தும்.

அக்கா என்று நான் சொல்வது என் கூடப்பிறந்தவரை இல்லை. கீழ் லயத்தில் இருந்தவர். பிள்ளைப் பருவம் முடிந்த கையோடு தோட்டத்து வேலைக்குப் பேர் போட்டு, ஓய்வு வாங்கும் வரை கொழுந்து பறித்தவர். அவருடைய பாத்தியும் என்னுடைய பாத்தியும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு கான் மட்டும் ஓடும். எனக்கு டவுனில் வேலை என்பதால் விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் மம்பட்டி பிடிப்பேன், அவர் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிறதுக்கு முந்தியே பீலியில், மலைத் தண்ணி விழுகிற குழாயடியில், தண்ணி பிடித்து ஒரு சுற்று ஊற்றி முடித்திருப்பார். போஞ்சி விதை அவரிடமிருந்து எனக்கு வரும், கோவா நாற்று என்னிடமிருந்து அவருக்குப் போகும். இப்படித்தான் எங்கள் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு மாசியில் அக்கா தவறிவிட்டார்.

கொச்சிக்காய் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், விரல் நுனி நீளத்தில் வானத்தைப் பார்த்து நிற்கிற காய். சந்தையில் வருவது பெரும்பாலும் கடும்பச்சை. அக்காவின் செடியில் பிஞ்சே வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளையாக வரும், அப்புறம் செம்மஞ்சள், கடைசியில் நல்ல சிவப்பு. ஒரே கிளையில் மூன்று நிறமும் ஒன்றாக நிற்கும். பூ கொஞ்சம் பச்சை கலந்த வெள்ளை, ஒரு கணுவில் பெரும்பாலும் இரண்டு. பழுத்த காயைத் தொட்டாலே காம்பை விட்டுக் கழன்று கையில் வந்துவிடும், பச்சை மிளகாயை ஒடிக்கிற மாதிரி ஒடிக்கத் தேவையில்லை. உறைப்பு உடனே தலைக்கு ஏறும், ஏறின வேகத்திலேயே இறங்கும், இறங்கின பிறகு ஒரு வாசம் நாக்கிலேயே நிற்கும். அம்மியில் கல்லுப்பும் இந்தக் கொச்சியும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் மாசிக் கருவாடும் வைத்து அரைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு, சூடான ரொட்டியோடு சாப்பிட்டவர்களுக்கு நான் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செடி அக்காவுக்கு அவருடைய மூத்த அக்காவிடமிருந்து வந்தது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, சிலருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்து போன கதை மலையகத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். மூத்தவர் எழுபதுகளில் கல்யாணம் கட்டின வீட்டோடு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அவர் பீலிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கொச்சிச் செடி இங்கே நின்றுவிட்டது. அப்போது அக்காவுக்குப் பத்து வயது இருக்கும். அந்தச் செடி பட்டுப் போகிறதுக்கு முந்தி விதை எடுத்து மறு செடி வைத்தார், அதிலிருந்து இன்னொன்று, அப்படியே ஐம்பது வருடம். அவர் இதைப் பெரிய காரியமாகப் பேசினதே இல்லை. கேட்டால், "அக்கா ஊத்தச் சொல்லிட்டுப் போனாங்க, ஊத்துறேன்" என்பார்.

அக்காவின் வளர்ப்பு முறையில் நான் முதலில் கவனித்தது கவ்வாத்து. கொச்சி ஒரு வருடப் பயிர் இல்லை, ஒழுங்காகப் பார்த்தால் மூன்று நாலு வருடம் நிற்கும். ஆனால் விட்டுவிட்டால் ஆளுயரத்துக்கு ஓடி, கச்சான் காற்றில் சாய்ந்து, நுனியில் மட்டும் நாலு காய் காய்க்கும். அக்கா காய்ப்பு ஓய்ந்ததும், தொடர் மழைக்குள் போகாமல், காய்ந்த ஒரு நாளாகப் பார்த்து முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டுவார். வெட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், தண்ணி நிற்கக் கூடாது. நடுவில் குறுக்கே ஓடுகிற குச்சிகளை எடுத்துவிட்டு, வெளியே பார்க்கிற நாலைந்து கையை மட்டும் விடுவார். "தம்பி, ஒசரத்துக்கு ஓடுற செடி ஒனக்குக் காய்க்காது, பக்கத்துல விரியட்டும்" என்று என் பாத்திக்கும் வந்து அவரே வெட்டிவிட்டுப் போவார். தேயிலையில் பழகின கை, ஒரு வெட்டுக்கூட நசுங்கியிருக்காது. கத்தி கூராக இருக்க வேண்டும், நோயுள்ள செடியில் வைத்த கத்தியைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்ததில் வைக்கக் கூடாது.

2021இல் இரசாயன உரம் நாட்டுக்குள் வராமல் நின்றபோதும், அடுத்த வருடம் சாமான் விலை ஏறி, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலத்திலும், லயத்தில் எல்லாருக்கும் மிளகாய் கொடுத்தது அக்காவின் செடிகள்தான். அவருக்கு அது வரைக்கும் கடை உரம் அவ்வளவு தேவைப்பட்டதே இல்லை. ரோட்டோரத்தில் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தியை வெட்டி வந்து, தண்டை நீக்கி, இலையையும் இளம் நுனியையும் செடியைச் சுற்றிப் போடுவார். சீக்கிரம் மக்கும், தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நல்ல அளவு இருக்கிற இலை. அதுக்கு மேலே மானாப்புல் மூடாக்கு. மாட்டுச் சாணி கிடைத்தால் நன்றாக மக்கினது மட்டும்.

அவர் போன பிறகு எங்களிடம் மிச்சம் இருந்தது மூன்று கிழட்டுச் செடியும், ஒரு பழைய மருந்துப் போத்தலில் அடுப்புச் சாம்பலோடு கலந்து வைத்த விதையும். அடுத்த மழையில் ஒரு செடி வேரழுகிப் போனது. அக்காவின் மகள் வந்து, "மாமா, அம்மாவோட தெவசத்துக்கு வர்றவங்களுக்குச் சாப்பாட்டோட ஆளுக்கு ஒரு கொச்சி நாத்துக் குடுத்தா என்ன?" என்று கேட்டாள். எனக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை. ஆனால் நாள் கணக்குப் பார்த்தால் சிக்கல். திதி மாசியில். கொச்சி நாற்று கையில் கொடுக்கிற அளவுக்கு வர, முளைத்த பிறகே எட்டு வாரமாவது வேண்டும், முளைக்கவும் இரண்டிலிருந்து நாலு வாரம் எடுக்கும். அப்படியென்றால் கார்த்திகைக் கடைசியிலேயே விதை போட வேண்டும். அது இங்கே விடாத மழையும் ஏறுகிற குளிருமான காலம்.

பழைய விதையை நம்பி எடுத்தவுடனே மண்ணில் போடக் கூடாது. இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி, ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வாரத்தில் பத்து முளைத்தால் பாதி உயிரோடு இருக்கிறது என்று கணக்கு, அதற்கு ஏற்ற மாதிரி இரண்டு மடங்கு போடலாம். முளை விட்டதையும் வீணாக்கத் தேவையில்லை, வேர் நீளுவதற்கு முன்பு கோப்பையில் எடுத்து வைத்துவிடலாம். சாதாரண வீட்டு அலுமாரியில் மிளகாய் விதை இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கும், அதுக்குப் பிறகு வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகும். அக்காவின் போத்தலில் எது எந்த வருடத்து விதை என்று எழுதியிருக்கவில்லை. அவருக்கு எழுதிவைக்கத் தேவை இல்லை, தலையிலேயே இருந்தது. நமக்கு எழுதித்தான் வைக்க வேண்டும்.

குளிரில் விதை போடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரைக்கும் சூடு வேண்டும், 15க்குக் கீழே போனால் அது அசையவே அசையாது, ஈரத்தில் கிடந்து அழுகும். பண்டாரவளையில் மார்கழி, தை இரவுகளில் குளிர் அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே வெளியே பாத்தியில் போடுவதில் பயனில்லை. கழுவின யோகட் கோப்பைகளில் அடியில் ஓட்டை போட்டு, மண், மக்கின சாணி, கொஞ்சம் மணல் கலந்து நிரப்பினோம். அந்தக் கலவையை முதலில் ஒரு பழைய தகரத்தில் போட்டு அடுப்பில் நன்றாகச் சூடாக்கி ஆறவைத்தோம், நாற்று அடித்தண்டில் நூலாக மெலிந்து சாய்கிற நோய் பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் வரும் என்பதால். விதையை ஒரு இரவு வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவைத்து, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு கோப்பைக்கு இரண்டு போட்டு, அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில் வரிசையாக வைத்தோம். விறகடுப்பு காலையும் மாலையும் எரிகிற வீடு, அந்தப் பலகை எப்போதும் கை பொறுக்கிற சூட்டில் இருக்கும். முளை தலை காட்டின அன்றே கீழே இறக்கிவிட வேண்டும். வெளிச்சம் இல்லாத சூட்டில் இரண்டு நாள் விட்டால் நாற்று வெளிறி நீண்டு, தன் தலையைத் தானே தூக்க முடியாமல் விழுந்துவிடும். இறக்கின பிறகு இஸ்தோப்பில் (முன்திண்ணையில்), வெயில் படுகிற பக்கம், மேலே தெளிவான பொலித்தீன். தண்ணி காலையில் மட்டும், அதுவும் மண் மேல் காய்ந்த பிறகு. குளிர் மாதத்தில் மாலைத் தண்ணி ஊற்றினால் நாற்றழுகலை நாமே கூப்பிட்ட மாதிரி.

இதில் பெரியவர்கள் கோபப்படக்கூடிய ஒரு விசயம் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி, சுருட்டுப் பிடிக்கிறவர்கள் நாற்றைத் தொடுவதற்கு முன்பு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலையும் மிளகாயும் ஒரே குடும்பம், புகையிலையில் இருக்கிற தேமல் வைரசு காய்ந்த இலையிலும் பல காலம் உயிர்ப்போடு இருந்து கை வழியாகச் செடிக்கு ஏறும். இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற பாட்டிமார் எங்கள் லயத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். மகள் ஒரு வாளித் தண்ணியும் சவர்க்காரமும் நாற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். வாயால் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்தது.

நிலத்தில் வைப்பதைப் பற்றிச் சொன்னால், லயத்துத் தோட்டங்கள் பாதி பழைய தேயிலை மலையாக இருந்த இடம். தேயிலை புளித்த மண்ணை விரும்பும், காரவமிலச் சுட்டி (pH) 4.5 முதல் 5.5 வரைக்கும் அதுக்குச் சந்தோசம். மிளகாய்க்கு 6ஐ ஒட்டி இருந்தால் நல்லது. புளிப்பு மண்ணில் நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் செடி மஞ்சளாகவே நிற்கும். நடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே குழிக்கு ஒரு கைப்பிடி டொலமைட் சுண்ணாம்புத்தூள் போட்டு நன்றாகக் கிளறிவிடுங்கள். சாணியையும் டொலமைட்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம், சாணியின் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி போட்ட இடத்தில் கொச்சி வைக்கவே கூடாது. வெலிமடைப் பக்கத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அங்கே கிழங்கைச் சாய்க்கிற வாடல் நோய்தான் மிளகாயையும் சாய்க்கும். பச்சையாக நின்ற செடி மத்தியானத்தில் துவண்டு, மாலையில் எழுந்து, மூன்றாம் நாள் எழாமலே போனால் சந்தேகப்படுங்கள். தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணியில் நுனி மட்டும் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிசத்தில் வெட்டின இடத்திலிருந்து பால் நிறத்தில் நூல் நூலாகக் கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல், மருந்து இல்லை, செடியை வேரோடு, மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, அந்தக் குழியில் சில வருடத்துக்குச் சோளமோ கோவாவோ லீக்ஸோ போடுங்கள். நூல் இறங்காவிட்டால் வேரில் தண்ணி நிற்கிறதா என்று பாருங்கள். முதல் வருடம் மேல் லயத்தில் ஒருவருக்குக் கொடுத்த இரண்டு செடியும் இந்த நோயில்தான் போயின. அவர் மருந்துக்கு அலையாமல் கிளாஸ் தண்ணியை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

இலை சுருண்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம், முதலில் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல் பக்கமாகத் தோணி மாதிரி மடங்கினால் பெரும்பாலும் பனிப்பூச்சி (இலைப்பேன்). கீழ் பக்கமாகக் கவிழ்ந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டால் சிற்றுண்ணி. முதலாவதுக்கு வேப்பெண்ணெய் கலந்த சவர்க்காரத் தண்ணி, இலைக்கு அடியில் படும்படி, மாலையில். இரண்டாவதுக்கு நனையும் கந்தகத்தூள், பொதியில் எழுதின அளவுக்கு மேல் போகாமல், இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு. இலை சுருண்டு, சிறுத்து, மஞ்சள் ஓடி, செடியே குறுகிப்போனால் அது வைரசு. அந்தச் செடியிலிருந்து மட்டும் விதை எடுக்கவே வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். அக்காவின் செடி என்று பாவம் பார்த்து ஒன்றை வைத்திருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளை ஈ அதைக் கொண்டு போய்ச் சேர்க்கும்.

சரி, இனி விதை. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் நாட்டு மிளகாய் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் யாருக்கும் தெரியாமலே.

மிளகாய்ப் பூ தன்னைத்தானே சூல்கொள்ளும், அதனால் கலப்பே வராது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. தேனீயும் கொசுத்தேனீயும் எறும்பும் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டு போகும், இடத்தைப் பொறுத்து அது கொஞ்சமாகவும் இருக்கும், மிக அதிகமாகவும் இருக்கும். எங்கள் லயத்திலேயே மூன்று வீட்டில் நய்மிரிஸ் என்கிற இன்னொரு உறைப்பு மிளகாய் இருக்கிறது, இரண்டு வீட்டில் கறிமிளகாய், எல்லாருடைய பாத்தியிலும் சந்தைப் பச்சை மிளகாய். நய்மிரிஸ் கொச்சியோடு நன்றாகவே கலக்கும். கலந்தால் இந்த வருடம் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் காயின் தோலும் சதையும் தாய்ச்செடியினுடையது. உள்ளே விதையில்தான் வேறு அப்பா இருக்கிறார். அடுத்த வருடம் அந்த விதையை முளைக்கவைத்து, செடி வளர்ந்து, காய் தொங்கத் தொடங்கின பிறகுதான், இது என்னடா, நம்ம கொச்சி வானத்தைப் பார்க்காமல் பூமியைப் பார்க்கிறதே என்று தெரியும். அதுக்குள் பழைய விதை முடிந்திருந்தால் திரும்பிப் போக வழி இல்லை.

இப்படி ஆகாமல் இருக்க, விதை நிறுவனங்கள் இனங்களைச் சில நூறு மீற்றர் தள்ளித் தள்ளி வைப்பார்கள். லயத்தில் அது நடக்காது, பத்தடிக்கு ஒரு வீட்டுப் பாத்தி. நாங்கள் செய்வது வலை. பழைய நுளம்பு வலையை வெட்டி இரண்டு சாண் நீளப் பையாகத் தைத்து, மொட்டு விரிவதற்கு முன்பே ஒரு கிளை முழுக்க மூடி, அடியில் பஞ்சு சுற்றிக் கட்டிவிட வேண்டும், இடைவெளி இருந்தால் எறும்பு போகும். மூடுவதற்கு முன்பு அந்தக் கிளையில் ஏற்கெனவே விரிந்த பூவையும் பிடித்த பிஞ்சையும் கிள்ளி எறிந்துவிடுங்கள், அவை எதோடு கலந்தவை என்று சொல்ல முடியாது. உள்ளே காற்று குறைவு, அதனால் வெயில் ஏறின பிறகு தினமும் கிளையை விரலால் நாலு தட்டுத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். போதுமான பிஞ்சு வந்ததும் வலையை எடுத்துவிட்டு, அந்தக் காம்புகளில் மட்டும் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டினது விதைக்கு, மற்றது சம்பலுக்கு. ஆனால் கொச்சி பழுத்ததும் உதிரும், கொண்டைக்குருவிக்கும் அது பிடிக்கும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்கிறதே இல்லை. அதனால் பழுக்கிற நேரத்தில் திரும்பவும் வலை போட்டுவிட வேண்டும். சவுக்கு மரத்தடியில் குருவி எச்சத்தில் முளைத்த கொச்சிச் செடிகள் இருக்கும், நன்றாகக் காய்க்கும், சமைக்கலாம். அக்காவின் இனம் என்று விதைக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு நல்ல செடியிலிருந்து விதை எடுக்கிற பழக்கம். பெரிய காய், நிறையக் காய் என்று ஒன்றைத் தேர்ந்து அதையே வருடா வருடம் எடுத்தால் இனம் ஒடுங்கிவிடும், பனி தாங்குகிற குணமோ வாடலைத் தாங்குகிற குணமோ நமக்குத் தெரியாமலே விட்டுப் போகும். குறைந்தது ஆறேழு செடி, முடிந்தால் அதற்கு மேல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து வையுங்கள். வேறு மாதிரிக் காய்க்கிற செடியை மட்டும் தள்ளுங்கள். அக்கா இதை வேறு விதமாகச் செய்தார். அவர் எப்போதும் ஒரு செடியை அடுத்த பாத்தியில் ஒருவரிடம் கொடுத்து வைத்து, விதை எடுக்கிற நேரத்தில் அதிலிருந்தும் ஒரு பிடி வாங்கிக்கொள்வார்.

பழம் நன்றாகச் சிவந்து கொஞ்சம் மென்மையாகும் வரை விடுங்கள், பறித்த பிறகும் நாலைந்து நாள் நிழலில் வையுங்கள், உள்ளே விதை முதிரும். கை உறை இல்லாவிட்டால் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிளக்கலாம், ஆனால் அன்று கண்ணைத் தொடக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது. காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் இருக்கிறது. அதைச் சீண்டாமல் விதையை மட்டும் தட்டி எடுத்தால் எரிச்சல் குறையும். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள், சுள்ளென்ற வெயிலும் வேண்டாம், அடுப்புப் பலகையும் வேண்டாம், விதைக்கு உள்ளே இருக்கிறது உயிர். மடக்கினால் வளையாமல் டக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் காய்ந்ததுக்கு அடையாளம். விதையின் ஈரம் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று விதைத் துறையில் ஒரு கணக்கு உண்டு, மலைநாட்டு மூடுபனியில் இதுதான் பெரிய போராட்டம். அக்கா சாம்பல் போட்டார், நல்ல முறைதான். நாங்கள் கூடவே அரிசியைக் கருகாமல் நன்றாக வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து போத்தலுக்குள் போடுகிறோம், அது ஈரத்தை இழுக்கும். மாதம் ஒரு தரம் முடிச்சை மாற்றினால் போதும். போத்தலில் வருடமும் எந்தப் பாத்தி என்பதும் எழுதி ஒட்டுங்கள்.

திதியன்று நாற்றுக் கொடுத்தது நன்றாகவே நடந்தது. ஆளுக்கு ஒன்று என்று நினைத்ததை இரண்டாக மாற்றினோம். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கொடுக்கும்போது மகள் எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னாள், "செடி ஒங்களுக்கு, வெத கேட்டா எங்களுக்குத் தரணும்." அக்காவோடு மலையில் கொழுந்து பறித்த பெண்கள் சிலர் முந்தானையில் வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் பிழைக்கவில்லை. பதுளைப் பக்கம் இறக்கத்துக்குப் போனவை எங்களுடையதைவிட வேகமாகக் காய்த்தன, அங்கே சூடு அதிகம். நுவரெலியாவுக்குப் போனவை செழித்தன, பூத்தன, பூவெல்லாம் கொட்டின. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இரவுக் குளிரில் கொச்சி காய் பிடிக்காது, அங்கே கறிமிளகாய்க்குப் போடுகிற பொலித்தீன் கூடாரத்துக்குள் ஒரு மூலையில் வைத்தால் சரியாக வரும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த நாலு செடி விடுமுறையில் தண்ணி இல்லாமல் போனது. பொது இடத்துக்குக் கொடுப்பதென்றால் லீவில் யார் ஊற்றுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து மூத்தவரின் பேரப்பிள்ளைகள் விதை கேட்கிறார்கள். கடித உறையில் போட்டு அனுப்பு என்று சொல்கிறவர்கள் பலர். நான் அனுப்பவில்லை. வேறு நாட்டுக்கு விதை போக வேண்டுமென்றால் இங்கே தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவில் சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும், இந்தியப் பக்கத்தில் இறக்குமதி அனுமதி வேண்டும். விதையோடு வைரசும் கடல் தாண்டும், நீலகிரியிலும் மிளகாய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை கொஞ்சம் நீளும், செய்யத்தான் போகிறோம். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபணு வள நிலையம் இருக்கிறது, 1988இலிருந்து இந்த நாட்டுப் பயிர்களின் விதைகளைக் குளிரறையில் சேர்த்து வைக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிடி கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், எந்தத் தோட்டம், யார் வளர்த்தது என்ற விவரத்தோடு. லயத்துப் பாத்தி மண்சரிவுக்கும் வீதி வெட்டுக்கும் எந்த நேரமும் போகலாம்.

இந்த வருடம் விதை எடுக்கிற வேலையை மகளே எடுத்துக்கொண்டாள். நூல் கட்டின பழங்களைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு செடியின் காய்கள் மட்டும் பிஞ்சிலேயே பச்சை ஓடி, நுனி கூராக இல்லாமல் மழுங்கி வந்திருந்தன. நல்ல காய்ப்பு, உறைப்பும் குறைவில்லை. "இது அம்மாவோடது இல்ல மாமா" என்று சொல்லி அந்தப் பிடியை அப்படியே அம்மிக்குத் தள்ளிவிட்டு, அந்தச் செடிக்குத் தண்டில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வந்தாள், அடுத்த தடவை யாரும் அதில் விதை எடுக்காமல் இருக்க.